தவறான வெட்டும் அவசர ஒட்டும்: வீட்டில் விமானம் கட்டுவோர் தவிர்க்க வேண்டியவை

வீட்டுக் கொட்டகையில் விமானம் கட்டுகிற எவரும் ஒரு தகட்டையோ மரச்சட்டத்தையோ தப்பாக வெட்டாமல் வேலையை முடித்திருப்பார் என்று நான் நம்பவில்லை. ரம்பம் கோட்டுக்கு உள்பக்கமாக ஓடிவிடும். இல்லையென்றால், இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டமான ரிப்பில், இட இறக்கையின் ரிப்பும் வல இறக்கையின் ரிப்பும் எதிரெதிராக மடிய வேண்டியவை என்பதை மறந்து, இரண்டையும் ஒரே கைக்கு வெட்டி வைத்துவிடுவோம். இந்த முதல் பிழையால் போவது பெரும்பாலும் ஒரே ஓர் உறுப்புதான். அதைச் சரிக்கட்ட அன்று மாலையே எடுக்கும் இரண்டாவது முயற்சிதான் பக்கத்து உறுப்புகளையும் கெடுக்கிறது.

என் கதையும் அதுவே. ஒரு சித்திரை மாதத்தில், மதுரை திருநகர் வீட்டின் பின்கொட்டகையில், சுக்கான் தகட்டின் உட்புறம் விறைப்புக்காக வைக்கும் எல் வடிவ ஆங்கிள் ஒன்றை 4 மி.மீ. குட்டையாக வெட்டிவிட்டேன். தகடுகளைப் பிணைக்கும் ஆணியான ரிவெட்டுக்குரிய கடைசித் துளை விளிம்பை ஒட்டி வந்துவிட்டதால், துளையை 4 மி.மீ. உள்ளே தள்ளிப் போட்டால் போதும் என்று எண்ணி, ஆங்கிளோடு சேர்த்து வெளித்தகட்டையும் துளைத்தேன். வெளித்தகட்டில் ஏற்கெனவே இருந்த துளையும் புதிய துளையும் ஏறக்குறைய ஒட்டிக்கொண்டு நின்றன. 2.4 மி.மீ. ரிவெட்டுகளுக்கு நடுவே மையத்திலிருந்து மையத்துக்குக் குறைந்தது விட்டத்தின் 3 மடங்கு, அதாவது 7.2 மி.மீ. இருக்க வேண்டும், நான் விட்டிருந்தது 4. அரை மணி நேரத்தில் புதிதாக வெட்டியிருக்கக் கூடிய ஆங்கிளுக்காக, கடல் கடந்து வந்த வெளித்தகட்டைக் கழித்துப் போட்டேன்.

ஆகவே வெட்டுப் பிழை நேர்ந்ததும் முதலில் அளக்க வேண்டியது குறைந்துபோன நீளத்தை அன்று, துளைக்கும் விளிம்புக்கும் நடுவே மிஞ்சியிருக்கும் உலோகத்தை. ரிவெட்டின் மையத்திலிருந்து விளிம்பு வரை குறைந்தது விட்டத்தின் 2 மடங்கு தேவை. 3.2 மி.மீ. ரிவெட்டுக்கு 6.4 மி.மீ. வேண்டும் என்னும்போது, வரைபடம் 8 மி.மீ. கொடுத்திருந்த இடத்தில் வெட்டு 3 மி.மீ. உள்ளே போயிருந்தால் அந்த விளிம்பு தேறாது. துளை கோணிப்போயிற்று என்று அதை அகட்டி அடுத்த அளவான 4 மி.மீ. ரிவெட்டைப் போடுகிறவர்கள், அதே துளைக்கு இப்போது 8 மி.மீ. விளிம்பு தேவைப்படுகிறது என்பதைக் கவனிப்பதில்லை. நோய்க்குக் கொடுத்த மருந்தே நோயைக் கூட்டுவது இங்கேதான்.

அடுத்தது மாற்றுத் தகடு தேடும் தவறு. மதுரையில் தகட்டுக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. அதே கனத்தில், பளபளவென்று, கிலோ கணக்கில் அலுமினியத் தகடு கிடைக்கும். ஆனால் பாத்திரத்துக்கும் பெயர்ப்பலகைக்கும் போகும் தகடு பெரும்பாலும் கலப்பில்லாத மென்மையான அலுமினியம். விமான வெளித்தகட்டில் பரவலாகப் பயன்படும் 2024-டி3 செம்பு கலந்து வெப்பத்தால் பதப்படுத்தப்பட்ட உலோகக் கலவை. கடைத் தகட்டின் இழுவலிமை அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரிவதுதான் ஆபத்து. ஒட்டுத்தகடு போட வடிவமைப்பாளர் ஒப்புக்கொண்டாலும், அது அதே கலவையில், அதே கனத்திலோ ஒரு படி கூடுதல் கனத்திலோ இருக்க வேண்டும்.

கப்பலூர்ப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் எந்த நண்பரிடம் காட்டினாலும், ‘ஆர்கான் வெல்டிங் வைத்தால் தெரியாமல் போய்விடும், சார்’ என்பார். அவருடைய கைத்திறனில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 2024 கலவையை உருக்கி ஒட்டினால் ஒட்டிய இடம் ஆறும்போதே வெடிப்பு விடும் இயல்புடையது. சுற்றியுள்ள உலோகமும் தன் பதத்தை இழந்துவிடும். தகட்டை எளிதாக வளைக்கலாம் என்று கேஸ் சுடரைக் காட்டுவதும் இதே கெடுதலைச் செய்யும். எபாக்ஸி மக்கு வைத்துத் தேய்த்துப் பெயிண்ட் அடிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மக்கு பள்ளத்தை மறைக்கும், பாரத்தைச் சுமக்காது.

உள்மூலையில் கத்தரி 2 மி.மீ. கூடுதலாக ஓடிவிட்டால் அந்தக் கீறலை அப்படியே விடக் கூடாது. பறக்கும்போது ஏற்படும் அதிர்வில் வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும். முக்கியமில்லாத உறுப்பானால் கீறலின் நுனியில் சிறு துளையிட்டு, அரத்தால் வழித்து, ரம்பப் பல்லின் தடம் தெரியாத வரை உப்புத்தாளால் விளிம்பை மழுக்கலாம். பாரம் தாங்கும் உறுப்பானால் மாற்றுவதே வழி. திருத்தக் கோட்டைப் பென்சிலால் போடுவதும் தவறு, ஏனெனில் பென்சிலின் கரி அலுமினியத்தை அரிக்கும். இரும்பு முனையால் கீறினால், அந்தக் கீறலே வெடிப்புக்கு வழியாகும்.

மர விமானம் கட்டுவோருக்கு வேறு வகைச் சிக்கல். ஸ்பார் எனப்படும் இறக்கையின் முதன்மைச் சட்டம் குட்டையாகிவிட்டால், முனையோடு முனை வைத்து ஒட்டுவது எந்தப் பிசினுக்கும் தாங்காது. சாய்வாகச் சீவி, மேலோடு மேல் படியவைத்து ஒட்ட வேண்டும். சாய்வு 12-க்கு 1 என்று வைத்தால், 10 மி.மீ. கனமுள்ள மரத்துக்கு ஒட்டின் நீளம் 120 மி.மீ. அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. 1998-இல் வெளியிட்ட ஏசி 43.13-1பி என்ற வழிகாட்டி, ஒரு ஸ்பாரில் இரண்டு ஒட்டுகளுக்கு மேல் கூடாது என்றும், இறக்கையை உடலோடு பிணைக்கும் பொருத்திகளின் அடியில் ஒட்டு வரக் கூடாது என்றும் சொல்கிறது. நம் ஊர்த் தச்சர்கள் கதவு நிலை வேலையில் பழகிய கையோடு ஒட்டும் முகத்தை உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கித் தருவார்கள். அந்தத் தூசு மரத்தின் நுண்துளைகளை அடைத்துப் பிசினை உள்ளே இறங்க விடாது. கூர்மையான இழைப்புளியில் சீவிய முகமே போதும். மேசை நாற்காலிக்குப் போடும் வெள்ளைப் பிசின் நீடித்த பாரத்தில் மெல்ல நழுவும். மே மாத வெயிலில் கொட்டகைக்குள் அது இளகவும் செய்யும். எபாக்ஸியைப் பயன்படுத்துவோர் நண்பகலில் கலக்காமல் அதிகாலையில் கலப்பது நல்லது, ஏனெனில் வெப்பம் கூடக் கூட அது கிண்ணத்திலேயே இறுகத் தொடங்கும். ஒவ்வொரு கலவையிலும் சிறிது எடுத்து இரண்டு துண்டு மரங்களை ஒட்டி வைத்து, மறுநாள் உடைத்துப் பாருங்கள். உடைவது மரமாக இருக்க வேண்டும், பிசின் கோடாக இருக்கக் கூடாது.

எஃகுக் குழாய்ச் சட்டத்தில் குட்டையாக வெட்டிய குழாயை இழுத்துப் பிடித்துப் பற்றவைப்பதோ, இடைவெளியை வெல்டிங் கம்பியால் நிரப்புவதோ கூடாது. புதுக் குழாயை வெட்டுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட நான் கடுமையாகக் கருதுவது மறைக்கும் தவறு. வெட்டிய உறுப்பின் எண், வரைபட எண், குறைந்த அளவு, எஞ்சிய விளிம்பு ஆகியவற்றை ஒளிப்படத்தோடு கட்டுமானக் குறிப்பேட்டில் எழுதி, வடிவமைப்பாளருக்கோ, விமான உறுப்புகளைத் தொகுப்பாக விற்கும் கிட் நிறுவனத்துக்கோ அனுப்பிவிட்டுக் காத்திருங்கள். நாம் பெரும் பிழையாக நினைத்ததை அவர்கள் ‘அப்படியே விடலாம்’ என்று சொல்வதுண்டு. நாம் சிறிதாக நினைத்ததை மாற்றச் சொல்வதும் உண்டு. ஆய்வு செய்பவர் அந்த இடத்தை, வெளித்தகட்டை ரிவெட் அடித்து மூடுவதற்கு முன்பே பார்த்தாக வேண்டும். மூடிய பிறகு காட்ட வேண்டுமானால் ரிவெட்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்து எடுக்க வேண்டியிருக்கும். அப்போது அகன்றுபோகும் ஒவ்வொரு துளைக்கும் விளிம்புக் கணக்கை மறுபடியும் போட்டாக வேண்டும்.