உயரக் கண்ணாடியில் கோடு விழாமல் துடைக்க

உயரமான ஜன்னல் கண்ணாடியை நீளக் கம்பில் மாட்டிய வைப்பரால் துடைக்கும்போது, பக்கவாட்டில் இழுக்காமல் மேலிருந்து கீழாக நேராக இழுங்கள். இடப்பக்கம் தொடங்கினால் ரப்பரின் வலது முனை சற்றே தாழ்ந்திருக்கட்டும். ஒவ்வொரு இழுப்பும் முந்தைய இழுப்பின் ஓரத்தை 5 செ.மீ. அளவுக்கு மூடியபடி வரவேண்டும். அழுக்குத் தண்ணீர் இன்னும் துடைக்காத ஈரப் பக்கமாகவே வழிவதால், துடைத்த இடத்தில் கோடு விழாது. ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு ரப்பரைத் துணியால் துடைத்தே ஆகவேண்டும், இதை விட்டால் மற்றதெல்லாம் வீண். இழுக்கும் முன் கண்ணாடியை நனைக்கும் தண்ணீரில், ஒரு பக்கெட்டுக்குப் பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகள் போதும். நுரை கூடினால் படலம் நிற்கும்.

நேர் வெயில் விழும் கண்ணாடியில் இது எடுபடாது, இழுப்பதற்குள் தண்ணீர் காய்ந்துவிடும். போர்வெல் தண்ணீரின் உப்புக்கறையும் சிமெண்ட் துளியும் இதற்குப் போகாது. பக்கத்தில் மின்கம்பி ஓடினால் அலுமினியக் கம்பைத் தூக்கவே வேண்டாம்.