பழைய ஃபெராரியா, புதிய ஃபெராரியா? எஃப்355 முதல் 458 வரை வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

முதுகுக்குப் பின்னால் வி8 இன்ஜின் உறுமும் ஃபெராரி வேண்டும், ஆனால் புதிது வாங்கும் அளவுக்குப் பணமில்லை என்பவர் முன்னால் நான்கு தலைமுறைகள் நிற்கின்றன. 1994-இல் வந்த எஃப்355, 1999-இல் வந்த 360 மொடெனா, 2004-இல் வந்த எஃப்430, 2009-இல் வந்த 458 இத்தாலியா. பழைய கார் சந்தையில் இவற்றின் விலைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கும். நன்றாகப் பராமரித்த, கையால் கியர் மாற்றும் தண்டு வைத்த 360, சுமாரான எஃப்430-ஐ விட அதிக விலைக்குப் போவது வழக்கம். ஆகவே விலைப்பட்டியலைப் பார்த்து முடிவெடுக்க முடியாது.

பழையதில் பழுது அடிக்கடி வரும். ஆனால் எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரியும்; கை தேர்ந்த தனி மெக்கானிக் ஒருவர் கழற்றிச் சரிசெய்துவிடுவார். புதியதில் பழுது குறைவு. வந்தால் மொத்தமாக வரும். காரின் கணினியைப் படிக்கும் கம்பெனி ஸ்கேனர் இல்லாமல் பாதி வேலை நகராது. இந்த இரண்டில் எந்தச் செலவு உங்களுக்குத் தோதானது என்பதைத் தீர்மானித்துவிட்டுத்தான் காரைத் தேட வேண்டும்.

எஃப்355: இன்ஜினை இறக்கினால்தான் வேலை

3.5 லிட்டர், சிலிண்டருக்கு ஐந்து வால்வு, 380 குதிரைத்திறன். நான்கில் மிக அழகான சத்தம் இதற்குத்தான். செலவும் இதற்குத்தான்.

வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட்டுகள் இன்ஜினின் முன்பக்கம், இருக்கைக்குப் பின்னால் உள்ள தடுப்புச் சுவரை ஒட்டி இருக்கின்றன. கை நுழைய இடமில்லை. அதனால் இன்ஜின், கியர்பாக்ஸ், பின்பக்கச் சட்டம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கீழே இறக்கிய பிறகுதான் பெல்ட்டைத் தொட முடியும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது பாதுகாப்பான கணக்கு. கார் ஓடியிருந்தாலும் ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும். பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வுகளில் மோதும், இன்ஜின் போய்விடும். பில்லைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பெல்ட்டோடு, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பேரிங்கும் மாற்றப்பட்டிருக்க வேண்டும். பெல்ட்டை மட்டும் மாற்றிப் பழைய பேரிங்கை விட்டுவைத்தவர் வேலையை அரைகுறையாக முடித்திருக்கிறார்.

இதைவிடப் பெரிய சிக்கல் வால்வ் கைடு, அதாவது வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழல். ஆரம்பகால கார்களில் வெண்கலக் கைடுகள் சீக்கிரம் தேய்ந்தன. வால்வ் ஆடத் தொடங்கி, சரியாக உட்காராமல், ஆயிலும் உள்ளே இறங்கியது. பிற்காலக் கார்களில் உறுதியான உலோகம் வந்தது. பழைய கார்களிலும் பலர் இன்ஜினின் சிலிண்டர் ஹெட்டைத் திறந்து மாற்றிவிட்டார்கள். மாற்றியதற்கு ஆதாரம் இருந்தால் அது காருக்குப் பெரிய பலம். இல்லையென்றால் லீக்-டவுன் சோதனை செய்யாமல் வாங்கவே கூடாது.

அந்தச் சோதனை இப்படி: பிளக்கைக் கழற்றி, பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து எத்தனை சதவீதம் கசிகிறது என்று மீட்டரில் பார்ப்பார்கள். எட்டு சிலிண்டருக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நிம்மதி. ஏழு சிலிண்டர் 6, 7 என்று காட்டி ஒன்று மட்டும் 20 காட்டினால் அந்த ஒன்றுதான் உங்கள் பணத்தைத் தின்னும். அப்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். சைலன்சர் வழியாகச் சீறல் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வ். காற்று உள்ளிழுக்கும் பக்கம் வந்தால் இன்டேக் வால்வ். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் அங்கே வந்தால் பிஸ்டன் ரிங்.

இன்ஜினிலிருந்து புகையை வெளியே கொண்டுசெல்லும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் இதில் விரிசல் விடும். குளிர்ந்த இன்ஜினை முடுக்கியதும் 'டிக் டிக்' என்று கேட்டுச் சூடானதும் மறைந்தால் அதுதான். டேஷ்போர்டில் வேகத்தைக் குறைக்கச் சொல்லும் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கலாம், அல்லது வெப்பத்தை அளக்கும் சின்ன இசியு (மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி) பழுதாகியிருக்கலாம். இரண்டில் எது என்று விற்பவரின் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம்.

360 மொடெனா: நடுவழி

இங்கிருந்து ஃபெராரியின் வி8 கார்கள் அலுமினியச் சட்டத்துக்கு மாறின. 3.6 லிட்டர், 400 குதிரைத்திறன். டைமிங் பெல்ட் இதிலும் உண்டு. ஆனால் இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள மூடியைக் கழற்றினால் பெல்ட் கைக்கு எட்டும். இன்ஜினை இறக்க வேண்டாம். இந்த ஒரு மாற்றத்தால் மூன்றாண்டுச் செலவு எஃப்355-ஐ விட வெகுவாகக் குறைகிறது.

முதல் இரண்டு ஆண்டுகளில் வந்த 360-களில், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டின் நேரத்தை மாற்றும் வேரியேட்டர் பாகம் பழுதாகும். திருத்திய பாகம் போடப்பட்டதற்கான பதிவைச் சர்வீஸ் வரலாற்றில் தேடுங்கள். அடுத்தது, மேனிஃபோல்டை ஒட்டி இருக்கும் முன் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர். உள்ளே உள்ள பீங்கான் வலை பொடிந்தால் அந்தத் தூள் சிலிண்டருக்குள் இழுக்கப்படும் அபாயம் உண்டு. தட்டிப் பார்த்தால் உள்ளே கலகலக்கும். இன்ஜின் மவுண்ட், முன்பக்கப் பால் ஜாயின்ட் தேய்வது இந்த வயதில் சாதாரணம். அதற்காகக் காரை ஒதுக்க வேண்டாம், விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

எஃப்355, 360, எஃப்430 மூன்றிலும் ஸ்விட்சுகள் பிசுபிசுக்கும். மேலே பூசிய மென்மையான பூச்சு இளகிக் கையில் ஒட்டும். பார்க்க அருவருப்பாக இருக்குமே தவிர, இன்ஜினுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கழற்றிச் சுத்தம் செய்து மறுபூச்சுப் பூசித் தருபவர்கள் இருக்கிறார்கள்.

எஃப்430: பெல்ட் போயிற்று, மேனிஃபோல்டு வந்தது

4.3 லிட்டர், 490 குதிரைத்திறன், புதிய இன்ஜின். பெல்ட்டுக்குப் பதில் செயின். மூன்றாண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய பில் இதோடு ஒழிந்தது. 'ஃபெராரி என்றாலே செலவு' என்று பயப்படுபவருக்கு இதுவே முதல் ஆறுதல்.

ஆனால் கம்பெனி கொடுத்த எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இதன் பலவீனம். வெளியே வெப்பத் தகடு மூடியிருப்பதால் உள்ளே குழாய் விரிசல் விடுவது கண்ணுக்குத் தெரியாது. உடைந்த துண்டு இன்ஜினுக்குள் திரும்பினால் சிலிண்டர் கீறிவிடும். முடுக்கிய முதல் நிமிடத்தில் தகரம் ஆடுவது போன்ற சத்தம், கார் நின்றபடி இன்ஜின் ஓடும்போது தடுமாற்றம், இன்ஜின் விளக்கு ஆகியவை அறிகுறிகள். நல்ல துருப்பிடிக்காத எஃகு மேனிஃபோல்டாக ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தால் அந்தக் காருக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். 'எல்லாமே கம்பெனி பாகம்' என்று பெருமையாக விற்றால், மாற்றும் செலவை உங்கள் கணக்கில் முதல் வரியாக எழுதுங்கள்.

எஃப்1 கியர்பாக்ஸ் என்பது, சாதாரணக் கியர்பாக்ஸையும் ஒற்றைக் கிளட்சையும் ஹைட்ராலிக் பம்ப் இயக்குவது. ஸ்டியரிங்கின் பின்னால் இரண்டு துடுப்பு, காலடியில் கிளட்ச் இல்லை. எஃப்355-இல் 1997-இல் தொடங்கி எஃப்430 வரை வந்தது. இதில் கிளட்ச் தேய்வது முழுக்க ஓட்டுபவர் கையில் இருக்கிறது. மேட்டில் பின்னால் எடுப்பது, நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகர்த்துவது, இறுக்கமான இடத்தில் நிறுத்துவது இவைதான் கிளட்சைக் கொல்பவை. கி.மீ. குறைவு என்பதால் கிளட்ச் நன்றாக இருக்கும் என்று அர்த்தமில்லை. ஸ்கேனரைச் செருகினால் எத்தனை சதவீதம் தேய்ந்திருக்கிறது என்று காட்டும். அந்தத் தாளை அச்செடுத்துக் கையில் வாங்குங்கள்; தேதி, சேசிஸ் எண் இரண்டும் அதில் இருக்க வேண்டும்.

பம்பை நீங்களே பார்க்கலாம். கார் சில மணி நேரம் நின்றிருக்க வேண்டும். ஓட்டுநர் கதவைத் திறந்ததும் பின்னாலிருந்து மோட்டார் சத்தம் கேட்கும், சில நொடிகளில் நின்றுவிடும். நிற்காமல் நீண்டால், அல்லது ஓட்டும்போது ஓயாமல் மீண்டும் மீண்டும் இயங்கினால், அழுத்தத்தைச் சேமிக்கும் குமிழ் பலமிழந்திருக்கிறது. பம்பை இயக்கி நிறுத்தும் மின் ஸ்விட்சான ரிலே ஒட்டிக்கொண்டாலும் பம்ப் நிற்காமல் ஓடி எரிந்துபோகும். ரிலே விலை சொற்பம். காரை வாங்கிய அன்றே புதிது போட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

கார்பன் செராமிக் பிரேக் வைத்த காராக இருந்தால் டிஸ்க்கின் தடிமனை அளந்து பயனில்லை. எடைதான் கணக்கு. குறைந்தபட்ச எடை டிஸ்க்கின் நடுப்பகுதியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். சந்தேகம் இருந்தால் கழற்றித் தராசில் வைக்கச் சொல்லுங்கள். நான்கையும் மாற்ற நேர்ந்தால் ஒரு சின்னக் காரின் விலை போய்விடும்.

458 இத்தாலியா: எல்லாம் நன்றாக இருக்கும், கியர்பாக்ஸ் வரை

4.5 லிட்டர், 9,000 ஆர்பிஎம்மில் 570 குதிரைத்திறன். டர்போ இல்லாத கடைசி நடு-இன்ஜின் வி8 ஃபெராரி இந்தத் தலைமுறைதான். 2015-இல் வந்த 488 டர்போவுக்கு மாறிவிட்டது. ஓட்ட எளிது, நகரத்துக்குள்ளும் முரண்டு பிடிக்காது. ஏழு கியர் இரட்டைக் கிளட்ச் பெட்டி மட்டுமே உண்டு.

பலவீனமும் அந்தப் பெட்டிதான். உள்ளே இருக்கும் வேக சென்சார் ஒன்று பழுதானால் போதும், திரையில் கியர்பாக்ஸ் எச்சரிக்கை வரும். ஒற்றைப்படை அல்லது இரட்டைப்படை கியர்கள் மட்டும் வேலை செய்யும், சில சமயம் கார் நகரவே நகராது. தொடக்கத்தில் இதற்கு முழுப் பெட்டியையும் மாற்றுவதே வழியாக இருந்தது. இப்போது பெட்டியைத் திறந்து சென்சாரை மட்டும் மாற்றும் தனி வல்லுநர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஊரிலிருந்து எட்டும் தூரத்தில் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று காரைத் தேடும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

2010-இல் சில கார்கள் தீப்பிடித்தன. பின்சக்கர வளைவில் தகட்டை ஒட்டிய பசை எக்ஸாஸ்ட் சூட்டில் பற்றியதே காரணம். அதுவரை விற்ற 1,248 கார்களையும் ஃபெராரி திரும்ப அழைத்து, பசைக்குப் பதில் உலோகப் பிடிகள் போட்டது. ஆரம்பகாலக் கார் என்றால் சேசிஸ் எண்ணைக் கொடுத்து இந்த வேலையும், காற்றுப்பை உள்ளிட்ட மற்றத் திரும்ப அழைப்புகளும் முடிந்தனவா என்று டீலரிடம் கேளுங்கள்.

458-க்கு இருக்கும் பெரிய பலம் உத்தரவாதம். கம்பெனிப் பரிசோதனையில் தேறிய காருக்கு முதல் பதிவிலிருந்து 15 ஆண்டு வரை, இன்ஜின், கியர்பாக்ஸ் முதலிய முக்கிய பாகங்களுக்குப் பணம் கட்டி உத்தரவாதம் நீட்டிக்கலாம். அதாவது 2014, 2015 கார்களுக்கு இன்னும் வழியுண்டு. நான்கு தலைமுறையில் இந்தப் பாதுகாப்பு மிச்சமிருப்பது இதற்கு மட்டுமே.

கி.மீ. குறைவு என்ற கவர்ச்சி

20 ஆண்டில் 8,000 கி.மீ. ஓடிய 360 என்று விளம்பரம் வந்தால் மயங்க வேண்டாம். நின்ற காரில் சீல்கள் காய்ந்து கசியும், பெட்ரோல் குழாய்கள் இறுகும், ரேடியேட்டர் அடைக்கும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. '2314' என்றால் 2014-இன் 23-ஆவது வாரம். பட்டன் தேயாமல் புதிதாகத் தெரிந்தாலும் ஆறேழு ஆண்டைத் தாண்டிய டயரில் வேகம் போகக் கூடாது. ஆண்டுக்கு 3,000 கி.மீ. ஓடி, ஆண்டுதோறும் பில் வைத்திருக்கும் 50,000 கி.மீ. கார்தான் கொடுக்கும் பணத்துக்கு ஏற்றது.

பார்க்கப் போகும் நாள்

நீங்கள் வரும்வரை இன்ஜினை முடுக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் இன்ஜின் மூடியில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜினை முடுக்கும்போது மேனிஃபோல்டின் சத்தமும் நீலப் புகையும்தான் கவனம். பிறகு குறைந்தது அரை மணி நேரம் ஓட்டுங்கள். சூடான பிறகே எஃப்1 பெட்டியின் தயக்கமும் ஏசியின் லட்சணமும் தெரியும்.

அடுத்து லிஃப்ட். அடித்தட்டுகளைக் கழற்றாமல் செய்த பரிசோதனை பரிசோதனையே அல்ல; கசிவும் அடிபட்ட தடமும் அவற்றுக்கு மேலேதான் இருக்கும். பெயின்ட் தடிமன் பார்க்கும் கருவி அலுமினியத்தையும் படிக்கும் வகையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் 360 முதல் 458 வரை எதிலும் வேலை செய்யாது. முன் பம்பர் மறுபூச்சுப் பெற்றிருப்பது கல்லடிக்காக, அது பொருட்டல்ல. கதவு உள்விளிம்பிலோ சட்டத்திலோ பூச்சு இருந்தால் விலகிவிடுங்கள். அலுமினியச் சட்டத்தை நேராக்கும் பட்டறைகள் மிகச் சில.

பரிசோதிப்பவர் விற்பவரின் ஆளாக இருக்கக் கூடாது. கூலியை நீங்களே கொடுங்கள். ஆவணங்களோடு இரண்டு சாவி, அலாரம் ரிமோட், குறியீட்டு அட்டை, கருவிப்பை எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். கியர் தண்டு வைத்த 360, எஃப்430 என்றால் கம்பெனியிலிருந்தே அப்படி வந்ததா என்று சேசிஸ் எண்ணை வைத்து உறுதிசெய்யுங்கள். எஃப்1 காரைச் சிலர் பின்னாளில் கியர் தண்டுக்கு மாற்றியிருப்பார்கள். வேலை சுத்தமாக இருக்கலாம், ஆனால் விலை அசலுக்கு இணையாகாது.

யாருக்கு எது

முதல் முறை வாங்குபவர், ஞாயிறு மட்டுமல்ல வார நாளிலும் ஓட்ட நினைப்பவர், உத்தரவாதத்தில் வரக்கூடிய 458-ஐத் தேடலாம். அந்தத் தொகை இல்லையென்றால் மேனிஃபோல்டு மாற்றிய எஃப்430. எங்கள் கணிப்பில் செலவுக்கும் சுகத்துக்கும் சரியான இடம் அதுதான். கியர் தண்டை உலோகச் சட்டத்தில் தள்ளும் அந்த 'கிளிக்' வேண்டும் என்பவர் 360-க்குப் போகலாம். எஃப்355-ஐ, அதன் மேல் காதல் உள்ளவரும், பழைய ஃபெராரியில் கை பழகிய மெக்கானிக் பக்கத்தில் இருப்பவரும் மட்டுமே வாங்க வேண்டும்.

எதை எடுத்தாலும் வாங்கும் விலையில் 10 முதல் 15 சதவீதத்தை முதல் ஆண்டுச் செலவுக்குத் தனியாக ஒதுக்கிவிட்டு மீதிக்கு மட்டும் பேரம் பேசுங்கள். பெல்ட் தவணை வந்திருந்தால் அந்தக் கூலி விற்பவர் கணக்கு. வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே எல்லா ஆயிலையும் மாற்றி, பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்று குறித்து வையுங்கள். நிறுத்தும் இடத்தில் பேட்டரியைத் தாங்கும் சார்ஜர் எப்போதும் செருகியே இருக்கட்டும். எஃப்430, 458 இரண்டிலும் பேட்டரி தளர்ந்தால் இல்லாத பழுதையெல்லாம் திரை காட்டும், அதைத் துரத்தியே ஒரு வண்டிப் பணம் போய்விடும்.