வெளிநாட்டுப் பிள்ளைக்கு நம்ம ஊர் விதையை முறையாக அனுப்புவது எப்படி?

“அம்மா, நம்ம ஊர் அவரை விதை ஒரு கைப்பிடி அனுப்பு, இங்க கொல்லையில போடணும்” என்று வெளிநாட்டிலிருந்து மகளோ மகனோ கேட்பது கிருஷ்ணகிரி, தர்மபுரி வீடுகளில் இப்போது சகஜம். ஆசையான காரியம்தான். ஆனால் சும்மா கவரில் போட்டு அனுப்பினால் அங்கே சுங்கத்தில் பிடித்து அழித்துவிடுவார்கள். வரிசையாகச் சொல்கிறேன்.

1. அனுமதி வாங்குவது அங்கே இருப்பவர் வேலை

எந்த நாட்டுக்குப் போகிறதோ அந்த நாட்டுச் சட்டம்தான் முதலில். அமெரிக்காவில் வீட்டுத் தோட்டக்காரர்களுக்கென்று சிறு அளவு விதை அனுமதி இருக்கிறது. உங்கள் மகள் அங்குள்ள வேளாண் துறையில் விண்ணப்பித்து வாங்க வேண்டும். அது கையில் இருந்தால் தாவர நலச் சான்று, அதாவது விதையில் பூச்சி, நோய் இல்லை என்று நம் அரசு தரும் சான்று, தேவையில்லை. ஒரு பொட்டலத்தில் ஒரே வகை விதை, 50 எண்ணிக்கை அல்லது 10 கிராம் வரை. ஒரு பார்சலில் 50 பொட்டலம் வரை. கேழ்வரகானால் 10 கிராமிலேயே ஒரு பாத்திக்கு நாற்று விடலாம். எல்லாப் பயிருக்கும் இந்த அனுமதி செல்லாது என்பதால் பட்டியலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 டிசம்பர் 14 முதல், நடுவதற்கான விதை ஒரே ஒரு பொட்டலமானாலும் தாவர நலச் சான்று கட்டாயம். ஆஸ்திரேலியா இன்னும் கறார். அந்த அரசின் ‘பைகான்’ தளத்தில் பயிரின் அறிவியல் பெயரைப் போட்டால் நிபந்தனை வரும்.

2. சான்று கேட்டால்

ஏற்றுமதிக்காரர்கள் ‘ஃபைட்டோ’ என்பது இந்தத் தாவர நலச் சான்றைத்தான். மத்திய அரசின் தாவரத் தனிமைப்படுத்தல் நிலையத்தில் ஆன்லைனில் விண்ணப்பித்து, விதையைச் சோதனைக்குக் காட்ட வேண்டும். சென்னையில் மீனம்பாக்கத்தில் நிலையம் இருக்கிறது. ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூர் பக்கம்.

3. விதையைச் சுத்தம் செய்தல்

நம்மவர்கள் தடுமாறும் இடம் இது. துவரை, அவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைப்போம், சாம்பல் புரட்டுவோம், பானையில் வேப்பிலை, நொச்சி இலை போடுவோம். வீட்டில் வைக்க அருமையான முறைதான். தபாலில் போகும் விதையில் இவை எதுவும் கூடாது. மண்ணில் பூஞ்சையும் நூற்புழுவும் ஒளிந்து போகும். ஒட்டிய ஒரு துளி மண்ணே திருப்பி அனுப்பப் போதும். மருந்து கலந்த விதையையும் அமெரிக்கச் சிறு அளவு அனுமதி ஏற்காது.

ஆகவே மண் கட்டாத புது விதையாக எடுங்கள். முறத்தில் புடைத்து, வெள்ளைத் துணியில் பரப்பி ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஊசி முனையளவு ஓட்டை இருந்தால் வண்டு குடைந்தது. ஓட்டையே இல்லாமல் தோல் மேல் வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது வண்டின் முட்டை. அதைத்தான் பலர் கவனிப்பதில்லை. அந்த விதைகளைத் தள்ளிவிட்டு, மீதியை நன்றாகக் காயவையுங்கள்.

மாங்கொட்டை மட்டும் வேண்டாம். கொட்டைக்குள்ளேயே வளரும் வண்டு வெளியே அடையாளம் காட்டாது. முளைப்புத் திறனும் சில வாரங்களில் போய்விடும்.

4. பொட்டலமும் சீட்டும்

வகைக்கொரு பொட்டலம், விதை சிந்தாமல் ஒட்டியது. அதன்மேல் ஆங்கிலத்தில் அச்சடித்த சீட்டு: அனுப்புபவர் பெயர், நாடு இந்தியா, அறிவியல் பெயர். அவரைக்கு லாப்லாப் பர்ப்யூரியஸ், கேழ்வரகுக்கு எலுசைன் கொரகானா. அனுமதிக் கடித நகலையும் மகளின் முகவரியையும் உள்ளே வையுங்கள். அமெரிக்காவுக்கு என்றால், அனுமதியோடு தரப்படும் பச்சை மஞ்சள் லேபிளை மகள் அனுப்பித் தருவார். அதை வெளியே ஒட்ட வேண்டும். பார்சல் நேராக வீட்டுக்குப் போகாமல் அங்குள்ள தாவரச் சோதனை நிலையத்துக்குப் போய், பார்த்த பிறகே வீட்டுக்கு வரும்.

5. தபால் நிலையத்தில்

சுங்கப் படிவத்தில் ‘நடுவதற்கான விதை’ என்றே எழுதுங்கள். ‘மளிகை’ என்று எழுதுவதும், முறுக்கு டப்பாவுக்குள் செருகுவதும் வேண்டாம். பிடிபட்டால் அபராதம் உங்கள் பிள்ளை தலையில்தான் விழும்.

வெளிநாட்டு நிறுவனமோ ஆராய்ச்சியாளரோ நம் நாட்டு விதையைக் கேட்டால் கதையே வேறு. 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டப்படி, சென்னையில் இருக்கும் தேசிய உயிரியல் பன்மை ஆணையத்திடம் அவர்கள் முன் அனுமதி வாங்க வேண்டும். அதைக் காட்டும் வரை ஒரு மணி விதையும் கொடுக்காதீர்கள்.