கடை வாசலில் சக்கர நாற்காலிக்கு வழிவிட்டுத் தள்ளுவண்டிகளை நிறுத்துவது எப்படி

மளிகைக் கடைக்குச் சாய்தளம் கட்டிவிட்டதாலேயே சக்கர நாற்காலியில் வருபவர் உள்ளே நுழைந்துவிட முடியும் என்று எண்ணிவிடக் கூடாது. பல கடைகளில் அவரைத் தடுத்து நிறுத்துவது படிக்கட்டு அல்ல, வாடிக்கையாளர்கள் பொருள்களை எடுத்துப் போடுவதற்காக வாசலில் நிற்கும் தள்ளுவண்டிகளே. கடை திறக்கும்போது சுவரோரமாக ஒழுங்காக நிற்கும் வரிசை, கூட்ட நேரத்தில் வாடிக்கையாளர்கள் அவசரமாகத் திருப்பிவிட்டுச் செல்லும் வண்டிகளால் கோணலாக நீண்டு, நடைவழியைப் பாதியாகக் குறுக்கிவிடுகிறது. ஆகவே அளவெடுப்பதைக் கடை காலியாக இருக்கும்போது செய்யாமல், வண்டிகள் திரும்பிக் குவியும் நேரத்தில், வழி மிகக் குறுகலாக உள்ள இடத்தில் செய்யுங்கள்.

அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டு அணுகல் விதிகள் கதவுத் திறப்புக்குக் குறைந்தது 81.5 செ.மீ., நடைவழிக்கு 91.5 செ.மீ., நாற்காலி முழுவதுமாகத் திரும்புவதற்கு 152.5 செ.மீ. விட்டமுள்ள வட்டம் என வரையறுக்கின்றன. இவற்றைக் குறைந்தபட்ச அளவாக மட்டுமே கொள்ளுங்கள். சக்கரத்தைக் கையால் உருட்டுபவரின் விரல் முட்டிகள் நாற்காலிக்கு வெளியே நீண்டிருப்பதால், வழி சற்றே குறுகினாலும் வண்டியின் கம்பியில் உரசித் தோல் பிய்ந்துவிடும்.

தன்பக்கம் இழுத்துத் திறக்கும் கதவானால், கைப்பிடி இருக்கும் பக்கத்துச் சுவரோரம் சுமார் 46 செ.மீ. இடம் காலியாக இருக்க வேண்டும். கதவு தம் மீது மோதாதபடி அவர் நாற்காலியை ஒதுக்கிக்கொள்வது அங்கேதான். கடைக்காரர்கள் நான்கைந்து வண்டிகளைச் செருகி வைப்பதும் பெரும்பாலும் அதே மூலையில்தான். அந்த இடத்தைத் தரையில் வண்ணக் கோடிட்டுக் காட்டுங்கள். வரிசை கோட்டைத் தாண்டினால் வண்டிகளை அகற்றும் பொறுப்பை ஒவ்வொரு பணிநேரத்திலும் ஒருவரிடம் பெயர் குறிப்பிட்டு ஒப்படையுங்கள், ஏனெனில் எல்லோருக்கும் பொதுவான வேலையை யாரும் செய்வதில்லை.

வண்டிகள் வெளியே போகாமலிருக்க நெருக்கமாக இரும்புத் தூண்கள் நடுவது மிக மோசமான ஏற்பாடு. வண்டி நுழையாத இடைவெளியில் சக்கர நாற்காலியும் நுழையாது. பக்கத்தில் பூட்டிய கதவு ஒன்றை வைத்து, அழைத்தால் திறப்போம் என்பதும் தீர்வாகாது. எல்லையில் தரைக்கடியே பதித்த கம்பியின் சமிக்ஞையால் வண்டியின் சக்கரம் தானாகப் பூட்டிக்கொள்ளும் முறை உள்ளது. அதற்குச் செலவு கூடுதல் என்றாலும் யாரையும் வாசலில் காக்க வைக்காது.

நாற்காலியின் முன்புறம் மாட்டிக்கொள்ளும் வண்டிகள் சிலவற்றையும் வாங்கி, வரிசையின் நடுவில் செருகாமல் தனியாக நிறுத்துங்கள். கைக்கூடைகளைத் தரையில் அடுக்காமல், அமர்ந்தபடியே எட்டும் உயரத்தில் வையுங்கள். தளர்வான கால்மிதிகளில் நாற்காலியின் சிறிய முன்சக்கரங்கள் சிக்கிக்கொள்ளும் என்பதால் அவற்றை எடுத்துவிடுங்கள்.

வாகன நிறுத்துமிடத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்தை ஒட்டிக் கோடிட்ட பகுதியையும் கவனியுங்கள். வாகனத்தின் சாய்பலகை விரிவது அங்கேதான். அதில் ஒரே ஒரு வண்டி நின்றாலும் உள்ளே இருப்பவர் இறங்க முடியாது. வண்டிகளைத் திருப்பி நிறுத்தும் கூண்டை அதன் அருகிலேயே, ஆனால் கோடுகளுக்கு வெளியே அமைத்தால், பெரும்பாலானோர் அதிலேயே கொண்டுபோய் விடுவார்கள்.