யாழ்ப்பாணத்தைக் கீறி பிறின்ற் போடப் போறீங்களோ? முதல்ல வருசத்தை முடிவெடுங்கோ

எங்கட ஊர்க் கட்டடங்களைக் கீறி பிறின்ற் அடிச்சு விக்கவோ வீட்டுச் சுவரில மாட்டவோ விரும்புற ஆக்களுக்கு நான் முதல் சொல்லுறது இதுதான், பென்சிலைத் தொட முதல் எந்த வருசத்து யாழ்ப்பாணம் எண்டு முடிவெடுங்கோ. இங்க கனக்க இடங்கள் இடிஞ்சு, எரிஞ்சு, திருப்பிக் கட்டி நிக்குது. யாழ்தேவி ரயில் 1956 இல ஓடத் தொடங்கினது, 1990 இல நிண்டது, 2014 இல திரும்ப யாழ்ப்பாணம் வந்தது, அப்ப அறுபது வயசுக்காரர் நினைவில வச்சிருக்கிற ஸ்ரேசனும் இருபது வயசுப் பிள்ளை கண்ட ஸ்ரேசனும் ஒண்டில்லை. ரெண்டையும் ஒரே படத்தில கலந்தால் ஒருத்தருக்கும் சொந்தமில்லாத படம் ஒண்டுதான் வரும்.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1959 இல திறந்தது, 1981 இல எரிச்சுப்போட்டாங்கள், பிறகு கனகாலம் கரி பிடிச்ச சுவரோட நிண்டது, இப்ப வெள்ளையா நிக்குது. எரிஞ்ச நூலகத்தைக் கீறுறதெண்டால் கறுப்புக் கோட்டில மட்டும் கீறி கீழ வருசத்தையும் எழுதுங்கோ, அதுக்கு வடிவான அந்திவானம் எல்லாம் போடக்கூடாது எண்டது என்ர உறுதியான கருத்து. இப்ப இருக்கிறதைக் கீறுறதெண்டால் வெள்ளைக்கு வெள்ளை பெயின்ற் பூசாதேங்கோ, பேப்பரையே வெள்ளையா விட்டிட்டு பின்னால வானத்துக்கு மெல்லிய நீலம் விடுங்கோ, குவிமாடம் தானா முன்னுக்கு எழும்பி வரும். முன்னுக்கு இருக்கிற சரஸ்வதியை விட்டிட்டுக் கீறினால் எங்கட சனம் உடன கேக்கும்.

நல்லூர்க் கோயில் எண்டால் கிழக்கு வாசல், அதால விடிய வெயில் நேர கோபுரத்து முகத்தில விழும், எட்டு மணிக்கு முதல் போய் போட்டோ எடுங்கோ, பின்னேரம் எடுத்தால் அந்த முகம் நிழலுக்குள்ள போயிடும். உள்ள போட்டோ எடுக்க விடமாட்டினம், விட்டாலும் வேண்டாம், வெளிவீதியோட நில்லுங்கோ. காவியும் வெள்ளையுமா இருக்கிற மதில் கோடுகளை ஸ்கேல் வச்சு இழுக்காமல் கையால இழுத்தால்தான் உயிர் இருக்கும். கிட்ட நிண்டு போனில எடுத்தால் கோபுரம் பின்னுக்குச் சரிஞ்சமாதிரி விழும், தள்ளிப் போய் எடுத்து பிறகு வெட்டுங்கோ. மணிக்கூட்டுக் கோபுரத்துக்கும் இதேதான். அது 1875 இல வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்த நினைவா கட்டினது, மணிக்கூட்டு முள்ளு எத்தினை மணி காட்டுதெண்டதையும் யோசிச்சு வையுங்கோ, நிழல் விழுற பக்கமும் அந்த நேரமும் பொருந்தோணும்.

எனக்கு ஆகப் பிடிச்சது கோட்டை. போத்துக்கீசர் கட்டினதை 1658 இல ஒல்லாந்தர் பிடிச்சு ஐங்கோணமா திருப்பிக் கட்டினவை, உள்ள இருந்த தேவாலயம் போரில அழிஞ்சு போச்சு, அதையும் சேத்துக் கீறுறதெண்டால் பழைய போட்டோ பாத்துத்தான் கீறோணும். மதிலுக்குக் கிட்டப் போய் முருகைக்கல்லை, அதுதான் பவளப்பாறைக் கல்லை, பாருங்கோ, கல்லெல்லாம் சின்னச் சின்ன ஓட்டை, சில இடத்தில பூப்போல வட்டம் வட்டமா பவளத்தின்ர அச்சு அப்பிடியே தெரியும். சாதாரணக் கல்லுச் சுவர் மாதிரிப் பெட்டி பெட்டியா கோடு போட்டால் அது எந்த ஊர்க் கோட்டையாயும் இருக்கலாம். 0.1 எண்ட மெல்லிய நுனிப் பேனையால புள்ளி வையுங்கோ, வெயில் படுற பக்கம் ஐதா, நிழல் பக்கம் நெருக்கமா. நேரம் எடுக்கும், எடுக்கட்டும்.

கீறி முடிஞ்சால் 600 டிபிஐ இல (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கான் பண்ணுங்கோ, போனில படமெடுத்து அனுப்பாதேங்கோ. பிறின்ற் பைல் 300 டிபிஐ, A4 க்கு 2480க்கு 3508 பிக்சல், A3 க்கு 3508க்கு 4961, விளிம்புவரை கலர் போகுதெண்டால் நாலு பக்கமும் 3 மில்லிமீற்றர் கூட விடுங்கோ. ஸ்கிரீனில மின்னுற நீலமும் பச்சையும் பிறின்ற் அடிக்கிற நாலு மை நிறத்தில (சிஎம்வைகே) மங்கும், அதால எல்லாத்தையும் அடிக்க முதல் ஒண்டை மட்டும் அடிச்சு பகல் வெளிச்சத்தில பாருங்கோ.

தமிழில பேர் எழுதுறதெண்டால் கவனம். நீங்கள் யூனிகோட்டில அடிச்சிருப்பீங்கள், பிறின்ற் கடையில பாமினி எண்ட பழைய எழுத்துரு இருக்கும், பைலைத் திறந்தால் நல்லூர் எண்ட சொல்லே உடைஞ்சு கிடக்கும். எழுத்தை அவுட்லைனா, அதாவது வெறும் கோட்டு வடிவமா, மாத்திக் குடுங்கோ, இல்லாட்டி கையாலயே எழுதுங்கோ, படத்தோட அதுதான் கூடப் பொருந்தும்.

பேப்பர் 250 இல இருந்து 300 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு எத்தினை கிராம் எண்டது), மினுக்கமில்லாத மற் பேப்பர், அசிட் இல்லாதது. மை பிக்மென்ற் (நிறத்தூள் மை) எண்டால் கனகாலம் நிக்கும், டை மை (நிறம் கரைஞ்ச மை) வெயில் படுற சுவரில வெளிறிப்போகும். பிறேம் போடேக்க படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில, படம் தெரிய உள்பக்கம் வெட்டின மவுண்ட் அட்டை வையுங்கோ, மாரியில ஈரம் பிடிச்சால் படம் கண்ணாடியோட ஒட்டும், பிறகு கிழிக்காமல் எடுக்க ஏலாது. பின் அட்டையை நல்லா மூடி ரேப் ஒட்டுங்கோ, கறையானும் சில்வர் பூச்சியும் அந்த வழியாத்தான் வாறது. இத்தினைதான் அடிப்பன் எண்டு எண்ணிக்கை வச்சு விக்கிறதெண்டால் கீழ இடப்பக்கம் பென்சிலால நம்பர், வலப்பக்கம் கையெழுத்து, சொன்ன எண்ணிக்கைக்கு மேல ஒண்டும் அடிக்காதேங்கோ.

லீவில வாற கனடா, லண்டன் ஆக்கள்தான் கூட வாங்குவினம், அவையளுக்கு A4 தான் சுகம், ரெண்டு கடின அட்டைக்கு நடுவில வச்சு பொலித்தீன் போட்டுக் குடுத்தால் சூட்கேசின்ர அடியில தட்டையா வச்சுக் கொண்டு போகலாம். பிறேமோட வித்துவிடாதேங்கோ, கண்ணாடி வழியில உடைஞ்சு படத்தையே கிழிச்சுப்போடும்.