பம்புசெட் என்ஜினைத் திரும்பப் பூட்டும்போது டைமிங் புள்ளிகளைச் சேர்க்கும் முறை

உதகையை அடுத்த கேத்திப் பள்ளத்தாக்கில் ஓடையோரமாக வைத்துக் கேரட் பாத்திகளுக்குத் தண்ணீர் ஏற்றும் சிறிய பெட்ரோல் பம்புசெட்டுகளில் பெரும்பாலானவை ஒற்றைச் சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் என்ஜின்கள்தாம். அவற்றைப் பிரித்து வேலை பார்த்துத் திரும்பப் பூட்டும்போது, பிஸ்டன் சுழற்றும் கிராங்க் கியரும் வால்வுகளைத் திறக்கும் கேம் கியரும், அவற்றில் குத்தியுள்ள அடையாளப் புள்ளிகள் சேராமல் ஒரு பல் தள்ளி மாட்டிக்கொண்டாலும் என்ஜின் பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகிவிடும்; ஆபத்தே அதில்தான் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறும் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் இவ்வகை என்ஜினின் சக்தி ஏறத்தாழ 3.5 விழுக்காடு குறையும் என்பது கணக்கு. அதன்படி 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் என்ஜின் ஏற்கெனவே கால் பங்கு சக்தியை இழந்தே ஓடுகிறது. எனவே இழுவை குறைந்தால் மலைக் காற்றின்மீது பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறோம்.

அப்படி ஒரு பருவம் முழுவதும் சமாளிக்கப்பட்ட பம்புசெட் ஒன்று என் கைக்கு வந்தது. வேறொரு பட்டறையில் பிஸ்டன் ரிங் மாற்றிப் பூட்டியிருந்தார்கள். கயிற்றை இழுத்தால் சில நேரம் கையை வெடுக்கென்று பின்னுக்கு இழுக்கும். ஓடும்போது கார்புரேட்டர் வழியாகப் பொசுக்கென்று சத்தம் வரும். ஸ்பார்க் நன்றாக இருந்ததால் கார்புரேட்டரையே இரண்டு முறை கழற்றிச் சுத்தம் செய்திருக்கிறார்கள். ஸ்பார்க் வரும் நேரத்தை ஃப்ளைவீலும், அதைத் தண்டோடு பிணைக்கும் சிறு உலோகத் துண்டான சாவியும் தீர்மானிக்கின்றன. கேம் கியர் எப்படி மாட்டப்பட்டிருந்தாலும் அந்த நேரம் மாறாது. ஆகவே ஸ்பார்க் சரியாக இருக்கிறது என்பதை வைத்து வால்வு டைமிங்கும் சரி என்று முடிவு கட்டக் கூடாது. பக்கக் கவரைத் திறந்தபோது, கேம் கியரின் முகத்தில் வார்ப்பிலேயே விழுந்திருந்த சிறு பள்ளம் ஒன்றைப் புள்ளி என்று நினைத்துச் சேர்த்திருந்தது தெரிந்தது. உண்மையான புள்ளி அடுத்த பல்லில், எண்ணெய்க் கசடு அடைத்து, கண்ணுக்கே தெரியாமல் இருந்தது. தீக்குச்சியின் முனையால் கசடைச் சுரண்டிய பிறகுதான் அதன் வட்டமான, கூர்மையான விளிம்பு வெளிப்பட்டது.

ஆகவே வேலையின் முதல் படி கழுவுவதுதான். இரண்டு கியர்களையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, பஞ்ச் கொண்டு குத்திய புள்ளி எது, வார்ப்புத் தழும்பு எது என்று வெயிலில் பிடித்துப் பார்த்து, புள்ளிகளின்மேல் வெள்ளைப் பெயிண்டையோ நகப்பூச்சையோ சிறு துளியாக வையுங்கள். பிரிக்கும்போதே, கேம் ஷாஃப்ட்டை வெளியே எடுப்பதற்கு முன், புள்ளிகள் எப்படிச் சந்திக்கின்றன என்று கைபேசியில் ஒரு படம் எடுத்துவைத்தால், பிறகு வரும் குழப்பத்தில் பாதி நீங்கும்.

பூட்டும்போது ஃப்ளைவீல் பக்கம் கீழேயும் கவர் பக்கம் மேலேயும் இருக்குமாறு என்ஜினைக் கிடத்தி, கேமின் அசைவை வால்வுப் பக்கம் கடத்தும் டேப்பெட்டுகள் இரண்டையும் எண்ணெய் தடவி, எது எந்தத் துளையிலிருந்து வந்ததோ அதே துளையில் போட்டு, உள்ளே முழுவதும் தள்ளிவிடுங்கள். கேம் ஷாஃப்ட் இறங்கிய பிறகு அவற்றைப் போட இயலாது. டேப்பெட்டின் தள்ளலை வால்வுக்குக் கொண்டுசெல்லும் புஷ் ராடுகளை இப்போது மாட்ட வேண்டாம். வால்வு ஸ்பிரிங்கின் அழுத்தம் இருந்தால் கேம் தானாகத் திரும்பிப் புள்ளியை நழுவச் செய்யும். கேம் ஷாஃப்ட்டில் உள்ள சிறிய டீகம்ப்ரஷன் எடையை (ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டர் அழுத்தத்தைக் குறைப்பது) விரலால் தள்ளி, அது ஸ்பிரிங்கால் திரும்பி வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி கிராங்க் கியரின் புள்ளி, கேம் ஷாஃப்ட் உட்காரும் துளையை நேராக நோக்கும்படி கிராங்க்கைத் திருப்பி, கேம் கியரின் புள்ளி அதற்கு எதிரே வருமாறு ஷாஃப்ட்டை மெல்ல இறக்க வேண்டும். பற்கள் சாய்வாக வெட்டப்பட்ட வகையாக இருந்தால், கியர் இறங்கும்போதே சற்றுத் திரும்பும் என்பதால், அந்த அளவு முன்கூட்டியே பின்தள்ளிப் பிடித்து இறக்குங்கள். இறங்கிய பின் கண்ணைக் கியர்களுக்கு நேர் மேலே கொண்டுவந்து பாருங்கள். பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஒரு பல் தவறும் சரியாகவே தோன்றும். இரண்டு ஷாஃப்ட்டுகளின் மையங்களையும் இணைத்து ஒரு நூலைப் பிடித்தால், இரு புள்ளிகளும் அந்த நூலின்மேல் அருகருகே நிற்க வேண்டும். கிராங்க் கியரில் 24 பற்கள் இருப்பதாகக் கொண்டால், ஒரு பல் என்பது கிராங்க்கின் சுழற்சியில் 15 பாகை. வால்வு திறக்கும் நேரத்துக்கு அது பெரிய பிழை.

ஹோண்டா ஜிஎக்ஸ்390 போன்ற பெரிய என்ஜின்களில் அதிர்வைக் குறைக்கும் எதிரெடைத் தண்டு ஒன்றும் இருக்கும். அதற்கும் தனிப் புள்ளி உண்டு. அதே நிறுவனத்தின் சிறிய என்ஜினான ஜிஎக்ஸ்160-இல் அது இல்லை.

கவரை மூடும்முன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் கை, அதைத் தள்ளும் ஸ்லைடரின் முகத்தில் அமரும் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். அது தவறினால் என்ஜின் கட்டுக்கு அடங்காமல் வேகமெடுக்கும். புதிய பேக்கிங் வைத்து, ஆயில் சீலின் உதட்டில் கிரீஸ் தடவி, கவரைக் கையால் அழுத்தியே உட்கார வையுங்கள். சுத்தியலால் தட்டித்தான் உட்காரும் என்றால் உள்ளே ஏதோ சேரவில்லை என்று பொருள். போல்ட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றுகளில் இறுக்குங்கள். ஜிஎக்ஸ்160-க்கு அளவு 24 நியூட்டன் மீட்டர்.

மூடிய பின் புள்ளிகள் தெரியாது. ஆனால் வால்வுகள் சொல்லிவிடும். புஷ் ராடுகளை மாட்டி, பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலைச் செருகி, பிஸ்டன் டாப்புக்கு (மேல் உச்சிக்கு) வருவதைக் கவனித்தவாறே என்ஜினை ஓடும் திசையில் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். கேம் கியருக்கு இரட்டிப்புப் பற்கள் என்பதால், கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று முடிக்கும். ஒரு டாப்பில் இரண்டு வால்வுகளும் மூடி, வால்வுகளை அழுத்தும் ராக்கர்கள் சற்றே ஆட வேண்டும். அடுத்த டாப்பில் எக்ஸாஸ்ட் வால்வு மூடி முடியும் தறுவாயிலும் இன்டேக் வால்வு திறக்கத் தொடங்கும் தறுவாயிலும் இருக்க வேண்டும். அந்த இடத்தில் ஒன்று மட்டும் நன்றாகத் திறந்திருந்தால், சோம்பல் படாமல் கவரை மறுபடி திறந்துவிடுங்கள்.

இரண்டும் மூடியிருக்கும் டாப்பில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே, ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (அளவுத் தகடு) வைத்து இன்டேக்குக்கு 0.15, எக்ஸாஸ்ட்டுக்கு 0.20 மில்லிமீட்டர் இடைவெளி வையுங்கள். இவையும் ஜிஎக்ஸ்160-க்கான அளவுகள். பிறகு ஆயில் ஊற்றி, பம்பின் உள்ளே தண்ணீர் நிரப்பி ஸ்டார்ட் செய்யுங்கள். சோதனைதானே என்று வறட்சியாக ஓட்டினால் பம்பின் மெக்கானிக்கல் சீல் கருகிவிடும். டைமிங் சரியாகியும் பிளக் கரி பிடித்து வந்தால், காற்று மெலிந்த இந்த உயரத்துக்குப் பெட்ரோல் அதிகமாகிறது என்று பொருள். 1,500 மீட்டருக்கு மேல் தொடர்ந்து ஓடும் என்ஜினுக்கு கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டை, உயரமான இடத்துக்குரியதாகக் கேட்டு வாங்கிப் போடுங்கள்.