அம்மாவுக்கு சுகர் என்றால் குழந்தையின் இன்சுலினைக் கட்டுக்குள் வைப்பது எப்படி

கர்ப்பகால சுகர் என்று தெரிந்ததும் பலர் கேட்கும் முதல் கேள்வி, "இன்சுலின் ஊசி போட்டா குழந்தைக்கு ஏதாவது ஆகுமா?" என்பதுதான். நீங்கள் போட்டுக்கொள்ளும் இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போவதில்லை. போவது சர்க்கரைதான், உங்கள் ரத்தத்தில் ஏற ஏற அங்கேயும் ஏறும். அதனால் ஊசியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், சாப்பிட்ட பிறகு மீட்டரில் வரும் எண்ணைப் பாருங்கள்.

உள்ளே நடப்பது இதுதான். மூன்றாம் மாத வாக்கிலேயே குழந்தையின் கணையம் இன்சுலின் சுரக்கத் தொடங்கிவிடும். மாதம் ஏற ஏற, வரும் சர்க்கரையைப் பார்த்து அதற்கேற்பக் கூட்டிச் சுரக்கவும் பழகும். பிறக்காத குழந்தைக்கு இன்சுலின்தான் பெரிய வளர்ச்சி ஹார்மோன், அதனால் அது அதிகமானால் தோள், வயிறு, கல்லீரல் எல்லாம் கொழுப்புச் சேர்ந்து பெருக்கும். தலை மட்டும் அந்த அளவுக்குப் பெரிதாகாது. சுகப்பிரசவத்தில் தலை வந்த பிறகும் தோள் மாட்டிக்கொள்வதற்கு இது ஒரு காரணம். டென்மார்க் மருத்துவர் யோர்கன் பெடர்சன் 1950-களிலேயே இந்த விளக்கத்தைச் சொல்லிவிட்டார். 2008-இல் வெளியான ஹாப்போ ஆய்வு, 9 நாடுகளில் சுமார் 25,000 கர்ப்பிணிகளைப் பார்த்து, தாயின் சுகர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்போதே குழந்தையின் எடையும் இன்சுலினும் கூடுவதைக் காட்டியது. "பார்டர்லைன்தானே" என்று விட்டுவிடக் கூடாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

முதலில் டெஸ்ட். நம் ஊர் அரசு மருத்துவமனைகளில் செய்வது, சென்னை டாக்டர் வி. சேஷய்யா முன்னின்று பரவலாக்கிய முறை. சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு 2 மணி நேரம் கழித்து ரத்தம் பார்ப்பார்கள், 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால சுகர். முதல் செக்கப்பிலேயே ஒருமுறை செய்துவிடுங்கள். அது நார்மலாக வந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் கட்டாயம் இன்னொருமுறை செய்ய வேண்டும், ஏனென்றால் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் உங்கள் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுப்பது அந்தச் சமயத்தில்தான் தீவிரமாகும்.

அப்புறம் வீட்டில் பார்ப்பது. வெறும் வயிற்றில் 95-க்குக் கீழே, சாப்பிட்டு 2 மணி நேரத்தில் 120-க்குக் கீழே என்பதுதான் பொதுவான இலக்கு. அந்த 2 மணி நேரத்தைக் கை கழுவியதிலிருந்து எண்ணாதீர்கள், முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து எண்ணுங்கள். விரலில் குத்துவதற்கு முன் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள், மாம்பழம் நறுக்கிய கையோடு குத்தினால் இல்லாத சுகரெல்லாம் மீட்டரில் வரும்.

சாப்பாட்டில் அதிகம் தகராறு செய்வது காலை உணவு. காலையில் உடம்பு இன்சுலினுக்குச் சரியாக மசியாது, அதனால் மதியம் ஒன்றும் செய்யாத அதே நாலு இட்லி காலையில் சுகரை ஏற்றிவிடும். இரண்டு இட்லி, நிறைய சாம்பார், ஒரு முட்டை அல்லது ஒரு கிண்ணம் சுண்டல், மீதி இரண்டு இட்லியைப் பத்தரை மணிக்கு என்று பிரித்துப் பாருங்கள். கேழ்வரகு நல்லதுதான், ஆனால் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் மளமளவென்று ஏறும். "ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும்" என்று பாட்டி வற்புறுத்தினால் சோற்றைக் கூட்டாமல் காய், பருப்பு, மீனைக் கூட்டிக்கொள்ளுங்கள். டாக்டர் தடை சொல்லவில்லை என்றால் சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள். பயந்துபோய்ப் பட்டினி மட்டும் கிடக்காதீர்கள். இரண்டு வாரம் இப்படி இருந்தும் 120-க்கு மேலேயே நின்றால் மாத்திரையோ ஊசியோ தேவைப்படும், டாக்டர் சொன்னதும் தொடங்கிவிடுங்கள்.

ஏழாம் மாதத்துக்குப் பிறகான ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'ஏசி' என்றிருக்கும் வயிற்றுச் சுற்றளவைப் பாருங்கள். தலையின் வளர்ச்சி சரியாக இருந்து ஏசி மட்டும் வாரக்கணக்கை மீறி ஓடினால், பனிக்குட நீரும் கூடியிருந்தால், உள்ளே இன்சுலின் அதிகமோ என்று சந்தேகிக்கலாம். மீட்டர் நோட்டையும் ரிப்போர்ட்டையும் சேர்த்தே டாக்டரிடம் காட்டுங்கள்.

கர்ப்பத்துக்கு முன்பே சுகர் இருந்தவர்கள் கதை வேறு. முதல் எட்டு வாரத்தில் இதயமும் முதுகுத்தண்டும் உருவாகும்போதே சுகர் கெடுதல் செய்யும், ஆகவே கருத்தரிக்கும் முன்பே எச்பிஏ1சி-யை (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) 6.5 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்து ஃபோலிக் அமில மாத்திரையும் தொடங்கிவிட வேண்டும்.

பிரசவ நாளில் ஒன்றை மறக்காதீர்கள். கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுவிடும், குழந்தையின் இன்சுலின் மட்டும் உடனே குறையாது, அதனால் முதல் ஓரிரு மணி நேரத்திலேயே குழந்தைக்கு சுகர் இறங்கலாம். கொழுகொழுவென்று இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம், இறங்குவது பெரும்பாலும் அந்தக் குழந்தைக்குத்தான். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுத்துவிடுங்கள், குதிகாலில் குத்திச் சுகர் பார்த்தார்களா என்று நர்ஸம்மாவிடம் கேளுங்கள். 45-க்குக் கீழே போனாலோ, கை கால் நடுங்கினாலோ, பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ உடனே சொல்ல வேண்டும். உங்களுக்கு ஆறாவது வாரம் மறுபடி 75 கிராம் டெஸ்ட் உண்டு, குழந்தையின் தடுப்பூசிக்குப் போகும்போதே அதையும் முடித்துவிட்டு வாருங்கள்.